ஒன்று என்றால் நலம்

நவம்பர் 4, செவ்வாய்

ஏழரை மணி வரை தூக்கம். வானிலை நிலையத்து ஆள் ஏழரை வரை தூங்கினான் என்று கீழே அலுவலகத்துக்குத் தெரிந்தால் என்னைக் கடித்துத் துப்பிவிடுவார்கள். தெரியாது. தெரியாதபடி செய்தவனே நான்தான்.

நியாயப்படி தினமும் ஆறு மணிக்குள் நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி, உச்சியில் இருக்கிற பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். காற்று, மழை, குளிர் எல்லாவற்றையும் பெட்டி தானே அளந்து தானே கீழே அனுப்பிவிடும். மேலே இருக்கிற மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அதற்குத்தான் பொத்தான். அமுக்கினால் கடைசியில் ஒரு ‘1’ சேர்ந்து போகும். ஒன்று என்றால் நலம். ஒன்று வராவிட்டால் வயர்லெஸ்ஸில் கூப்பிடுவார்கள். அதிலும் பதில் இல்லையென்றால் ஆள் வரும்.

ஜூலையில் கொட்டுகிற மழையில் ஏறிக்கொண்டிருந்தபோது எனக்கு ஞானம் பிறந்தது. பொத்தானை அமுக்கினபடியே கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டேன். அன்று முதல் நாங்கள் நலம். தூங்கினாலும் நலம், சண்டை போட்டாலும் நலம். மாற்று டூட்டிக்கு வருகிற இரண்டு பேரும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பீமன் இன்று உருளைக்கிழங்கில் மறுபடி உப்பை அள்ளிக் கொட்டினான். என்னுடைய டூட்டி ஜோடி. ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பதால் பீமன்.

நவம்பர் 6, வியாழன்

காலையில் கீழே அலுவலகத்திலிருந்து ரேடியோ அக்கா வயர்லெஸ்ஸில் சொன்னாள். பீமன் மனைவிக்கு வலி எடுத்துவிட்டதாம். இருபது நாள் முன்னதாகவே. அவன் லீவு கேட்டான். மேலதிகாரி பதில்: மாதம் முடியும் வரை மாற்று ஆள் இல்லை, ஒருத்தர் மட்டும் மேலே தங்கக் கூடாது, விதி.

மத்தியானம் வரை அறைக்குள் நடந்துகொண்டே இருந்தான். கதவு, ஜன்னல், கதவு, ஜன்னல். எனக்குத் தலை சுற்றியது.

“போடா. நான் ஒருத்தனே இருந்துக்கறேன். கீழ யாருக்குத் தெரியப்போகுது?”

“அண்ணே, ஏதாவது ஆயிடுச்சுன்னா?”

“என்ன ஆகும்? நாமதான் தினமும் நலமாச்சே.”

சிரித்தான். கண் கலங்கியிருந்தது. ரோப்காரில் ஏற்றி நானே இயக்கிக் கீழே இறக்கினேன். திங்கள் விடிவதற்குள் வந்துவிடுவானாம்.

நவம்பர் 7, வெள்ளி

உப்பு அளவாகப் போட்டுச் சமைத்தேன். ருசியில்லை.

நவம்பர் 8, சனி

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. குளிர்தான், பயமில்லை. பயமும்தான்.

பகல் பதினொன்றுக்கு இடி. வயர்லெஸ் செட்டிலிருந்து நீலமாக ஒரு தீப்பொறி, பிறகு கருகல் நாற்றம். பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. அறைக்குக் கரண்ட் கொடுக்கிற பேட்டரிகளும் போயின. மூன்று மணிக்கு மலையே இருமியது போல ஒரு சத்தம். ஜன்னல் வழியே பார்த்தால் ரோப்கார் கோபுரம் நின்ற இடத்தில் ஈரமான செம்மண் மட்டும். இறங்குகிற பாதையும் அதோடு சரிந்துவிட்டது. பக்கத்துக் கொட்டகையில்தான் கேஸ் சிலிண்டர்கள் இருந்தன. கொட்டகையைக் காணோம்.

கணக்குப் பார்த்தேன். அரிசி, கிழங்கு, பிஸ்கட் நிறைய. வேகவைக்க நெருப்பில்லை. குழாய் உடைந்துவிட்டது, ஆனால் மழைக்குப் பஞ்சமில்லை, வாளி வைத்தால் போதும்.

பரவாயில்லை. வயர்லெஸ்ஸில் பதில் இல்லையென்றால் ஆள் அனுப்புவார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

அனுப்ப மாட்டார்கள்.

காலை ஆறு மணிக்குப் படுக்கையில் விழித்துக்கிடந்தபோதுதான் மண்டையில் அடித்தது. உச்சியில் இருக்கிற பெட்டிக்குத் தனி சோலார், தனி பேட்டரி, தனி ஏரியல். இடி அதைத் தொடவில்லை. இங்கிருந்து பார்த்தால் அதன் பச்சை விளக்கு தெரிகிறது. அதாவது, இப்போதும் ‘1’ போய்க்கொண்டிருக்கிறது. ஒன்று வருகிற வரை வயர்லெஸ் மௌனத்துக்கு ஒரே அர்த்தம்தான்: செட் ரிப்பேர். ரோப்கார் போனது தெரிந்தாலும், மேலே இரண்டு பேர், மாதத்துக்கு அரிசி, இரண்டு பேரும் நலம். யார் அவசரப்படப் போகிறார்கள்?

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

சரி, போய்க் கம்பியை அவிழ்த்தால் ஆயிற்று என்று கிளம்பினேன். முப்பதாவது படியோ என்னவோ. பாசி. இடது கால் மடங்கியது, நான் மடங்கவில்லை. சத்தம் எனக்கே கேட்டது. தவழ்ந்து அறைக்கு வர ஒரு மணி நேரம். பூட்ஸைக் கழற்ற முடியவில்லை, கத்தியால் கிழித்தேன். கணுக்கால் பக்கத்தில் எலும்பு தோலைக் கிழித்து எட்டிப்பார்க்கிறது. கட்டில் சட்டத்தை உடைத்து வைத்துக் கட்டியிருக்கிறேன்.

அம்மா. வலிக்குது.

நவம்பர் 10, திங்கள்

இன்று பீமன் வருவான். வழி இல்லையென்று பார்த்ததும் அலுவலகத்துக்கு ஓடுவான். ‘மேல அண்ணன் தனியா இருக்காரு, அந்த ஒன்று சும்மா, கம்பி கட்டினது’ என்று சொல்வான். அவனுக்கு எல்லாம் தெரியும். நான் தனியாக இருப்பது அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

பகல் முழுக்க ஜன்னல் பக்கம் காது வைத்திருந்தேன்.

நவம்பர் 11

வரவில்லை.

நவம்பர் 12

ஊறவைத்த அரிசி, பச்சைக் கிழங்கு. வாய்க்குள் போகிறது, வயிறு வாங்க மறுக்கிறது. இருக்கிற போர்வை ஆறையும் போர்த்திக்கொண்டும் பல் தந்தியடிக்கிறது.

பீமனோடு இன்று பலமாகச் சண்டை. நான்தான் இரண்டு பக்கமும் பேசினேன். ஏன்டா சொல்லல? வேலை போயிடும்னு பயமா? டூட்டியை விட்டுட்டு இறங்கினதுக்குச் சீட்டைக் கிழிச்சிடுவாங்கன்னா? பிள்ளை பிறந்த வீட்ல வேலையில்லாம எப்படி நிக்கிறதுன்னா? அதெல்லாம் நியாயம்தான்டா. நியாயமா இருந்துட்டுப் போகட்டும். நான் செத்துப்போவேனேடா!

கத்தியதில் தொண்டை போனதுதான் மிச்சம். பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் கோபப்படுவதைப் போல அசிங்கம் வேறில்லை.

நவம்பர் 13

என் மனைவி வாரம் ஒருமுறை ரேடியோ அக்காவுக்கு ஃபோன் செய்வாள். “ஒன்று வந்திருக்கும்மா” என்பாள் அக்கா. “அப்ப சரிக்கா” என்று இவள் வைத்துவிடுவாள். வியாழக்கிழமைகளில். இன்று வியாழன்.

ஆக, இந்நேரம் அவளுக்கும் நான் நலம். துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள். நான் இங்கே வாளியை இழுத்துவரத் தெம்பில்லாமல் தரையில் சிந்திய தண்ணீரைத் துணியால் ஒற்றி வாயில் பிழிந்துகொண்டிருக்கிறேன். அவள்மேலும் கோபம் வந்தது. ஒரு சின்னச் சந்தேகம்கூடவா வராது இந்த மனுஷிக்கு? அப்புறம் அழுதேன். சந்தேகமே வராதபடி பதினெட்டு வருஷம் நலம் நலம் என்று சொல்லி வந்தவன் யார்?

நவம்பர் 14

கால் நாறுகிறது. முழங்கால் வரை வீக்கம், கருநீலம். காய்ச்சல்.

மறுபடி ஏறப் பார்த்தேன். நாற்பத்தோராவது படியில் மழை பிடித்துக்கொண்டது. பட்ட காலிலேயே பட்டது. திரும்பிவிட்டேன். இறங்கியதா, உருண்டதா, தெரியவில்லை.

நவம்பர் 15

பச்சை விளக்கு எரிகிறது. நான் நலம்.

நவம்பர் 16, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுத முடியுமோ என்னவோ.

விடிந்தபோது மழை இல்லை, காற்று இல்லை. இதை விட்டால் இல்லை என்று தெரிந்தது. நிற்க முடியாது, தவழ்ந்தால் முழங்கால் படியில் இடித்து உயிர் போகிறது. அதனால் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். இரண்டு கையையும் மேல் படியில் ஊன்றி, நல்ல காலால் உந்தி, பின்பக்கத்தை ஒரு படி ஏற்றி வைப்பது. பிறகு அடுத்தது. கெட்ட கால் பின்னாலேயே இழுபட்டு வந்தது.

பத்துப் படிக்கு ஒரு பிஸ்கட் என்று எனக்கு நானே லஞ்சம் பேசிக்கொண்டேன். அறுபதில் பிஸ்கட் தீர்ந்தது. எழுபதுக்கு மேல் எண்ணிக்கை குழம்பி, எண்பதை இரண்டு முறை எண்ணியது போல ஞாபகம். ஓரிடத்தில் தூங்கியே விட்டேன். முகத்தில் வெயில் பட்டு விழித்தேன்.

உச்சியில் போய்ச் சேர்ந்தபோது சூரியன் மேற்கே சாய்ந்திருந்தது. அங்கே போய்த்தான் ஞாபகம் வருகிறது, இடுக்கி எடுத்து வரவில்லை! ஒரு வாரமாக இந்தப் பெட்டியைத் தவிர வேறு எதையும் நினைக்காதவன், இடுக்கியை நினைக்கவில்லை. ஜூலையில் நான் கட்டிய கட்டு இருக்கிறதே, அப்படி ஒரு கட்டு. வேலையில் ஒரு நாளும் காட்டாத அக்கறையை அதில் காட்டியிருக்கிறேன். நாலு சுற்று, முறுக்கி, முனையை உள்ளே மடக்கி விட்டிருக்கிறேன். துரு வேறு பிடித்திருந்தது. விரல் மரத்துப்போய் ஒன்றும் பிடிபடவில்லை. பல்லால் கடித்தேன். ஒரு பல் உடைந்தது. துப்பிவிட்டு மறுபடி கடித்தேன். கம்பி முனை வெளியே வந்ததும் அறைச் சாவியை நுழைத்துத் திருகினேன், திருகினேன், திருகிக்கொண்டே இருந்தேன்.

விட்டது. பொத்தான் டக்கென்று மேலே எழும்பியது.

அதன்மேல் தெரியாமல்கூட விரல் பட்டுவிடக் கூடாதென்று கையை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு உட்கார்ந்தபடியே படிப்படியாகச் சறுக்கி, இருட்டில் அறைக்கு வந்து சேர்ந்தேன். நாளைக் காலை ஆறு மணிக்கு நான் நலமில்லை. கீழே தெரிந்துவிடும்.

நவம்பர் 17

ஆறு மணி தாண்டிவிட்டது. இந்நேரம் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். கிளம்பியிருப்பார்கள்.

நவம்பர் 18

மூடுபனி. யாருமில்லை.

பொத்தான் கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்களோ? ‘மேலே போனதும் பார்க்கவும்’ என்று ரிப்பேர் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். ரிப்பேர் பார்க்கிறவன் யார்? நான்தான். என் மேசையில்தான் அந்தச் சீட்டு இருக்கும். சிரிப்பு வருது, சிரிச்சா காலு வலிக்குது.

நவம்பர் 19

தண்ணி இல்ல. வாளி தூரம்.

யாராவது வாங்க.

நவம்பர் 28, வெள்ளி

ஆஸ்பத்திரி. ஜன்னல் ஓரக் கட்டில், வெள்ளைப் போர்வை, இஞ்சி போட்ட டீ. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இல்லாத விரல்கள் அரிக்கின்றன, சொறிய வழியில்லை.

இருபதாம் தேதி சாயங்காலம் மலையின் பின்பக்கமாக ஏறி வந்தார்களாம். எனக்கு ஒரு டார்ச் வெளிச்சம் மட்டும் ஞாபகம்.

ரேடியோ அக்கா இன்று பார்க்க வந்தாள். வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

“பதினேழாம் தேதி ஒன்று வரலைன்னதும் மேலதிகாரிகிட்ட ஓடினேன். பொத்தான் கெட்டிருக்கும், மேல ரெண்டு பேர் இருக்காங்க, ஒருத்தருக்கு ஏதாவதுன்னா இன்னொருத்தர் பாத்துப்பார்னாரு. நானும் வந்துட்டேன்ப்பா. இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கணும்.”

பிறகு அவள் சொன்னது. பத்தாம் தேதியிலிருந்து தினமும் காலை ஆறேகாலுக்கு ஒரு ஃபோன் வருமாம். குரல் கட்டிப்போன மாதிரி ஒருவன், “பீமனோட மச்சான் பேசறேன். அவர் நல்லா இருக்காரா?” என்பான். “ஒன்று வந்திருக்கு தம்பி, நல்லா இருக்காரு” என்பாள் இவள். வைத்துவிடுவான்.

பீமன்தான் அது. என்னைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தன்னைப் பற்றி விசாரித்திருக்கிறான். அந்த ஒன்று வெறும் கம்பி என்று அவனுக்குத் தெரியும். நான் கட்டும்போது பக்கத்தில் நின்று குடை பிடித்தவனே அவன்தான். ஆனாலும், நல்லா இருக்காருன்னு ஒரு மனுஷி வாயால் கேட்டதும் அன்றைக்கு மனசு ஆறிவிடுமாம். மறுநாள் மறுபடி ஃபோன்.

பதினேழாம் தேதி, “இன்னைக்கு வரலைப்பா” என்றிருக்கிறாள். ஃபோனை வைத்துவிட்டான். பதினெட்டும் அப்படியே. பத்தொன்பதாம் தேதி நேரில் வந்து வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னானாம்.

டாக்டரிடம் கேட்டேன். இரண்டு நாள் முன்னால் கொண்டு வந்திருந்தால் காலை எடுக்காமல் முயற்சி செய்திருக்கலாம் என்றார். கேட்டிருக்கக் கூடாது.

நவம்பர் 30

மேலதிகாரி காகிதத்தோடு வந்தார். “பொத்தானைக் கட்டினது யாரு?”

“நான்.”

“கூட இருந்தவர் இறங்கிப் போனது?”

“நான் அனுப்பினேன். ரோப்காரை இயக்கினதும் நான்.”

எழுதிக்கொண்டார். எழுந்து போகும்போது, “இப்ப எப்படி இருக்கீங்க?” “நல்லா இருக்கேன் சார்.” அவர் போன பிறகு போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். என் மனைவி கட்டில் ஓரம் வந்தாள். போர்வைக்கு மேலேயே கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

டிசம்பர் 3, புதன்

மூன்று நாளாகப் பீமன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறான் என்று மனைவி சொன்னாள். பெண் குழந்தையாம். உள்ளே கூப்பிடவா என்று கேட்டாள். நேற்று வரை வேண்டாம் என்றேன். இன்று அதைச் சொல்லவில்லை. அவள் எழுந்து போனாள்.

வந்தான். இன்னும் இளைத்திருந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்றான். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் கண் விழுந்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டான். 

“எப்படிண்ணே இருக்கீங்க?”

நல்லா இருக்கேன் என்பது நாக்கு நுனியில் தயாராக நின்றது. டாக்டருக்கு, நர்ஸுக்கு, மேலதிகாரிக்கு எல்லாம் சொன்ன அதே பதில்.

“நல்லா இல்லடா,” என்றேன். “நல்லாவே இல்ல.”

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சாயங்காலம் வரை இருந்தான்.