ஒன்றும் மிச்சமில்லை

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் கம்ப்யூட்டர் செத்தது. நான் தட்டச்சு செய்யும் பதிவில் சாட்சி அழத் தொடங்கும் இடம், பாதி வாக்கியம், திரை கறுப்பு. பிறகு ஒன்றுமே நடக்காததுபோலத் தானாக விழித்துக்கொண்டு வணக்கம் சொல்கிறது. நெவில் கட்டிய கம்ப்யூட்டர் அல்லவா, நெவில் மாதிரியேதான் இருக்கும்.

கடையில் செய்து வைத்ததை வாங்குவோம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். நாலு வீடியோ பார்த்துவிட்டு என் கணவன் மேதையாகிவிட்டான். துணி அலமாரியைப் பொருத்தி முடித்துவிட்டு மூன்று திருகாணியை மிச்சம் வைத்த மேதை! அந்த மூன்றையும் ஜாம் பாட்டிலில் போட்டு ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். பார்பிக்யூவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். இப்ஸ்விச்சில் பாதிப் பேர் பார்த்தாயிற்று.

வெள்ளிக்கிழமைக்குள் இந்த நீதிமன்றப் பதிவு முழுவதையும் தட்டச்சு செய்து அனுப்பியாக வேண்டும். இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக ஏஜென்சிக்காரி சொல்லிவிட்டாள்.

“வெயிலுக்குச் சூடாகியிருக்கும். சரியாயிடும்” என்றான் நெவில். கூரை பறந்தாலும் இந்த ஊர் ஆண்கள் இதைத்தான் சொல்வார்கள்.

மார்ச் 4, புதன்

கம்ப்யூட்டரின் பிழைப் பதிவைத் திறந்து பார்த்தேன். ‘எதிர்பாராமல் நின்றுவிட்டது’ என்கிறது. அடடா, என்ன அறிவு!

உதிரிபாகம் விற்ற கடைக்காரன் அதற்கும் மேல். மெமரியை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கச் சொன்னான். பார்த்தாயிற்று. பவர் சப்ளையை மாற்றச் சொன்னான், மாற்றியாயிற்று. விண்டோஸையும் புதிதாகப் போட்டாயிற்று. இனி வீட்டைத்தான் மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். அதையும் யோசித்துப் பார்த்தான், மடையன்.

மார்ச் 5, வியாழன்

நெவில் டீ கொண்டுவந்தான். கால் நட்டுத் தூக்கிக் கட்டிய மரவீடு, அவன் உடம்போ எருமை உடம்பு. நடைவழியில் தொம் தொம் என்று வந்தான் — திரை கறுப்பு.

திரும்பிப் போய் மறுபடி நடந்து வரச் சொன்னேன். மறுபடியும் கறுப்பு.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் நீ நடக்கவே கூடாது” என்றேன். தலையாட்டினான். சாயங்காலம்வரை அவனும் நடக்கவில்லை, அதுவும் நிற்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

அனுப்பிவிட்டேன். பிழைத்தேன்.

மார்ச் 7, சனி

நெவில் கம்ப்யூட்டர் பெட்டியைப் பிரித்து மதர்போர்டைத் தூக்கினான். அடியில் பித்தளைத் தாங்கிகள். போர்டில் துளை இருக்கும் இடத்தில் மட்டும் திருக வேண்டியவை. நடுவில் ஒன்று, மேலே துளையே இல்லாமல், போர்டின் வயிற்றில் முட்டிக்கொண்டு நிற்கிறது. தரை அதிர்ந்தால் படும், பட்டால் அணையும். இதற்கா இத்தனை பாடு!

ஓட்டையே இல்லாத இடத்தில் இது எதற்கு என்று கத்தினேன்.

கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“பையில ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. மிச்சம் வச்சா நீ சிரிப்பியே.”

ஜன்னலோரம் இருந்த ஜாம் பாட்டிலை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

பார்பிக்யூ. பக்கத்து வீட்டு கிளைவ் ஜாம் பாட்டில் எங்கே என்று கேட்டான். உடைந்துவிட்டது என்றேன். நெவில் கறியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

மார்ச் 12, வியாழன்

கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கடைக்காரன் இன்னும் மடையன்தான்.

டீ எப்போது வந்தது என்றே தெரியவில்லை. திரும்பினால் மேசையில் இருக்கிறது. அவன் நடைவழியில் போய்க்கொண்டிருக்கிறான், வெறும் சாக்ஸோடு, நுனிக்காலில்.

“அதான் சரி பண்ணியாச்சே நெவில். நல்லா மிதிச்சு நடயேன்.”

“பழகிடுச்சு” என்றான்.