ஹனீபா நானாவின் காணியில் உங்கள் மண்டபம்

என் அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் உங்கள் சிநேகிதனின் காணியைத் திருடினீர்கள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நீங்கள் உயிரோடு இருந்தபோதும் இதையேதான் சொன்னேன். அப்போது டிவியின் சத்தத்தைக் கூட்டினீர்கள். இனி அதற்கு வழியில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் இங்கே லண்டன் வெம்பிளியில் நடந்தது. நீங்கள் போர் முடிந்த கையோடு இங்குள்ள ஊர்ச் சங்கத்தின் தலைவரானவர், சாகும்வரை அந்தக் கதிரையை விடாதவர். அதனால் சங்கத்தாரே எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு, ஆளுக்கொரு நினைவு மலர். அதில் உங்கள் பெயரில் ஒரு திதி வெண்பா இருக்கிறது. பெயரையும் திதியையும் மாற்றினால் லண்டனில் செத்த எந்தத் தமிழனுக்கும் அது பொருந்தும். “பிறர் பொருளைக் கனவிலும் விரும்பாதவர்” என்று செயலாளர் சிவபாலன் அங்கிள் எழுதியிருக்கிறார். வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என் தொடையில் கிள்ளினார்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். இதை வாசிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னப் பட்டினம். அங்கே ஒரு தெரு முழுக்க முஸ்லிம்கள் இருந்தார்கள். தொண்ணூறாம் ஆண்டு தமிழ்ப் போராளிகளின் இயக்கம் அவர்களைச் சில மணி நேரத்துக்குள் வெளியே போகச் சொன்னது. ஹனீபா நானா பள்ளிக்கூடத்தில் உங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். அவர் குடும்பம் புத்தளத்தில் அகதி முகாமுக்குப் போனது. நீங்கள் சில வருடம் கழித்து லண்டனுக்கு வந்து அகதியானீர்கள். போர் முடிந்ததும் உங்கள் சங்கம் ஊரில் கல்யாண மண்டபம் கட்டியது. பக்கத்தில் பாதி உடைந்து நின்ற அவருடைய வீட்டைப் பெக்கோ இயந்திரம் விட்டு இடித்து, அந்த இடத்தில் சமையல் கொட்டகை போட்டீர்கள். ‘அவையள் இனி எங்க வரப்போகினம்’ என்றுதான் எல்லோரும் நினைத்தீர்கள். அவர்கள் வந்துவிட்டார்கள். ஒரு மனிதன் தன் வீட்டுக்குத் திரும்பி வருவதை இவ்வளவு பெரிய அவமரியாதையாக எடுத்துக்கொள்ளும் கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன வருடம் ஊருக்குப் போனபோது அவரைத் தேடிப் போனேன். ஒரு வாடகை வீட்டின் முன்னால் பழைய இரும்பு வாங்கி விற்கிறார்.

“நீ அவன்ர மகளோ? நெத்தியைப் பாத்தாலே தெரியுது. அந்த நெத்தி முழுக்கக் கணக்குப் பாடம். நான் பக்கத்தில இருந்து பாத்தெழுதித்தான் பாஸ் பண்ணினனான்.”

என்னை மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். அன்று அங்கே ஒரு கல்யாணம். அவருடைய கிணற்றடியில் சமையல் கிடாரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கொஞ்ச நேரம் நின்றோம். காவலுக்கு இருந்த பெடியன் அவருடைய சாரத்தைப் பார்த்தான், தொப்பியைப் பார்த்தான்.

“ஐயா, அங்கால தள்ளி நில்லுங்கோ. மிச்சச் சாப்பாடு பந்தி முடியத்தான் குடுப்பினம்.”

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஹனீபா நானா சிரித்தார். “பாத்தியோ மகள், என்ர கிணத்தடியில எனக்கு விருந்து!”

அவர் மண்டபத்தை இடிக்கச் சொல்லவில்லை. கொட்டகையை மட்டும் மற்றப் பக்கம் மாற்றச் சொன்னார். காணி உறுதிப் பத்திரம் அவர் கையில் இருக்கிறது. ஆனால் ஊரில் மண்டபத்தை நடத்துகிறவர்கள், லண்டன் தலைவர் எழுதித் தந்தால்தான் விடுவோம் என்கிறார்கள். அவர் இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் வருகிற சித்திரைக்குள் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார். கொட்டகையை மாற்றச் சொல்லும் ஒரு பக்கக் கடிதத்தை அவரே தட்டச்சுச் செய்வித்து, உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டு என்னிடம் தந்தார். “அவன் போடுவான்” என்றார். அவ்வளவு நம்பிக்கை.

நீங்கள் எட்டு மாதம் அதை வைத்திருந்தீர்கள். முதலில் “பாப்பம்” என்றீர்கள். பிறகு “கமிட்டியில கதைக்கவேணும்” என்றீர்கள். கடைசியில் உள்ளே கிடந்தது வெளியே வந்தது.

“உனக்கென்ன தெரியும்? அவங்கள் தொப்பி பிரட்டிற ஆக்கள், நம்பேலாது. ஒண்டைக் குடுத்தால் ஊரையே கேப்பாங்கள்.”

“அவர் கேக்கிறது தன்ர வீடு இருந்த நிலத்தை மட்டும்தானே அப்பா?”

“நீ போய் உன்ர ஷிப்டைப் பார்.”

அதே வாரம் நீங்கள் லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றீர்கள். அம்மாவின் சீதனக் காணியை இன்னும் ஆமி பிடித்து வைத்திருக்கிறது. அதற்காக நின்றீர்கள். நிற்க வேண்டியதுதான், அது எங்கள் காணி. நீங்கள் பிடித்திருந்த அட்டையை எழுதித் தந்ததே நான். ‘எங்கள் நிலம் எங்களுக்கு வேண்டும்.’ அன்று பெய்த மழையில் இரண்டு மணி நேரம் அதைத் தூக்கிப் பிடித்தபோது உங்கள் கை ஒருதரமாவது கூசியதா? ஆமிக்காரனுக்குத் துவக்கு இருந்தது. உங்களுக்கு ஒரு சங்கமும் ஒரு ரப்பர் முத்திரையும் போதுமாக இருந்தன.

இப்போது அவர்கள் மண்டபத்துக்கு உங்கள் பெயரை வைக்கப் போகிறார்களாம். சிவபாலன் அங்கிள் இன்னும் இரண்டு பேரோடு கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“பிள்ளை, நீரும் அம்மாவும் ஒரு கையெழுத்து வைச்சால் அலுவல் முடிஞ்சுது. ஊருக்கே பெருமை.”

“முதல்ல ஹனீபா நானான்ர கடிதத்தில நீங்கள் வையுங்கோ அங்கிள்.”

“அது ஆற்ற காணியெண்டு ஆர் கண்டது? உறுதி இந்தக் காலத்தில ஆரும் அடிக்கலாம். அங்க ஒரு வீடு இருந்ததுக்கு என்ன ஆதாரம், சொல்லும் பாப்பம்?”

நான் உள்ளே போய் உங்கள் நினைவு மலரை எடுத்துவந்து ஏழாம் பக்கத்தை விரித்தேன். நீங்கள் மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டும் படம். வேட்டி, மாலை, கையில் சீமெந்து பூசும் சாந்தகப்பை. பெக்கோ வருவதற்கு முதல் எடுத்தது. உங்கள் தோளுக்குப் பின்னால் ஒரு வீட்டு வாசலின் படலைத் தூண் நிற்கிறது. அதில் சீமெந்தில் எழுத்துப் பொறித்திருக்கிறது: காசிம் மன்ஸில். மன்ஸில் என்றால் வீடு. காசிம், ஹனீபா நானாவின் வாப்பா.

“இந்தக் காசிம் ஆர் அங்கிள்? எங்கட சொந்தக்காரரோ?”

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். அந்தப் படத்தைத் தெரிவு செய்ததும் அவர்கள்தான், பெரிதாக்கியதும் அவர்கள்தான். உங்கள் முகம் வடிவாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

“தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ” என்றார் அம்மா. அன்று அம்மா பேசியது அவ்வளவுதான். அவர்கள் போன பிறகு, நாங்கள் கையெழுத்து வைக்க வேண்டிய சம்மதக் கடிதத்தை நாலாகக் கிழித்தவரும் அம்மாதான்.

அடுத்த நாள் தொடங்கியது கூத்து. முப்பத்தோராம் நாளுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சங்கத்தார் போன் போட்டு நினைவு மலரைத் திருப்பிக் கேட்கிறார்கள். அச்சுப்பிழையாம். ஹவுன்ஸ்லோவிலிருந்து ஒரு அன்ரி என்னிடம் கேட்டார்: “பிள்ளை, தட்டையும் திருப்பித் தரவேணுமோ? நான் அதில இடியப்பம் வைச்சிட்டன்.” செத்துப்போன தலைவரின் நினைவையே வீடு வீடாகப் போய்ப் பறிக்கிறது உங்கள் சங்கம். இவர்கள்தானா இனத்தின் உரிமையை மீட்கப் போகிறவர்கள்?

ஹனீபா நானாவும் போன் எடுத்தார். துக்கம் விசாரிக்க. காணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூட மதிலால் பாய்ந்து படம் பார்க்கப் போன கதையைச் சொல்லி அழுதார். போனை வைக்கும்போது கேட்டார்:

“மகள், கடைசியில அவன் என்னைப் பற்றி ஏதும் சொன்னவனோ?”

“ஓம் நானா” என்றேன். “காணி உங்களிட்டத்தான் சேரவேணும் எண்டு சொன்னவர்.”

பொய். உங்களுக்காக நான் சொன்ன முதல் பொய். ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி மூன்று நாளும் நீங்கள் மண்டபத்துக் கூரையைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

ஏழாம் பக்கத்தைப் படமெடுத்து அவருக்கும் அவருடைய லோயருக்கும் அனுப்பிவிட்டேன். சித்திரைக்கு முதல் லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவேன். கொட்டகை அந்த நிலத்தை விட்டுப் போகும்வரை உங்கள் பெயர் அந்தச் சுவரில் ஏறாது. இது என் சத்தியம், அம்மாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் ஹனீபா நானா, அந்தப் பெரிய மனுஷன், இப்போது நான் சொன்ன பொய்யைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ‘என்ர சிநேகிதன் கடைசியில நல்லவனாத்தான் செத்தான்’ என்று சொல்கிறார். என்னால் அதைத் தாங்க ஏலாது. அதை உண்மையாக்க உங்களால் மட்டும்தான் முடியும்.

அது ஹனீபாவின் காணி என்று ஒரு தரம், உங்கள் வாயால், எனக்கு மட்டும் கேட்கும்படியாவது சொல்லுங்கோ அப்பா. சொல்லுங்கோ.

உங்கள் மகள்,
தர்சிகா
கோலியர்ஸ் வுட்