சேமிக்க முடியாமல் போன பக்கம்

காலையில் கரண்ட் போய்விட்டு வந்தது. வந்த வேகத்தில், அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் உன் பழைய கணினிப் பெட்டி உறுமிக்கொண்டு விழித்தது. கூடவே அந்த வாசனை. சூடேறிய தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. உன் வீட்டுக்குள் நுழைந்தாலே முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். நீ சாம்பிராணி போடும் வெள்ளிக்கிழமைகளில்கூட அதுதான் ஜெயிக்கும். பெருக்கிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னோடு பேசி வெகுநாளாகிவிட்டது.

அந்தப் பெட்டி இப்போது என் வீட்டில் இருப்பது உனக்குத் தெரியாது. உன் வீட்டுக்காரர் பெங்களூர் ஈஜிபுரா வீட்டைக் காலி செய்துவிட்டு, ஊருக்கு வெளியே அத்திபெலேயில் இருக்கும் தம்பி குடும்பத்தோடு போய்விட்டார். போகிற அன்று இதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எதிர்வீடான என் வாசலுக்கு வந்தார். "இது இன்னா பண்ணுதுன்னே எனக்குத் தெரியாதும்மா. அவ யாரையும் தொட உடமாட்டா. நீயே வெச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். பெட்டியை அணைத்தபடி, அண்ணா தெருமுனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது என்ன செய்கிறது என்று எனக்கு மட்டும் என்ன தெரியும்? வெளியிலிருந்து வருவதையும் வீட்டிலிருந்து போவதையும் சோதித்து, சந்தேகப்பட்டதை நிறுத்திவிடும். நீ ஃபயர்வால் என்பாய், நான் வாட்ச்மேன் என்பேன். கடையில் விற்பதை நம்பாமல், அலுவலகத்தில் கழித்துக்கட்டிய கணினியை வாங்கிவந்து நீயே செய்தது. ஒருமுறை உன் மின்னஞ்சலுக்குள் எவனோ புகுந்துவிட்டான். அதற்குப் பிறகு நீ அதற்கு வைத்த சட்டதிட்டங்களைப் பார்த்து, இந்த வீட்டுக்குள் காற்று வருவதே பெரிய விஷயம் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

உன் வேலையே பேசுவதுதான். நெட் வரவில்லை என்று போன் செய்கிறவர்களுக்கு, காதில் மாட்டிய கருவியோடு நாள் முழுக்கப் பதில் சொல்வாய். வீட்டுக்கு வந்தாலும் விடமாட்டார்கள். கீழ்வீட்டு ஓனரம்மா, "ஏன்மா, நெட் பர்த்தா இல்லா" என்று, நெட் வரவில்லை என்பதைக் கன்னடத்தில் சொல்லிக் குரல் கொடுப்பார். நீ தோசைக் கரண்டியோடு படிக்கட்டில் நின்றபடி பாதி கன்னடமும் பாதி தமிழுமாக வழி சொல்வாய். பள்ளிப் பாடப்புத்தகங்களைத் திருத்துவது என் பிழைப்பு. அதுவும் இணையத்திலேயே திருத்திச் சேமிக்கும் வேலை. ஏதாவது நின்றுபோனால் உன்னிடம்தான் ஓடிவருவேன். "நெட் கம்பெனிக்காரன் ஏதோ பண்ணிட்டான்னு நெனைக்கிறேன்" என்று நான் ஆரம்பிப்பதற்குள் வெட்டிவிடுவாய்.

"நெனச்சத சொல்லாதடி. பாத்தத சொல்லு. ஸ்கிரீன்ல இன்னா எழுதியிருக்கு?"

அப்புறம் உன் தொண்டையில் அந்தக் கட்டி வந்தது. உயிரைக் காப்பாற்றக் குரலை எடுத்தார்கள். இதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், எப்படிச் சொன்னாலும் இவ்வளவுதான். ஊரையே பேசிச் சரிசெய்தவள், தண்ணீர் வேண்டுமென்றால்கூட போனில் தட்டிக் காட்டினாய். தட்டெழுத்திலும் உன் அதிகாரம் குறையவில்லை. "கம்முனு உக்காரு, அழாத" என்று ஆஸ்பத்திரியில் எனக்கு எழுதிக் காட்டியவள் நீ.

பேசுகிற வேலை இனி முடியாது என்று ஆனபோது, உன் அலுவலகம் வேறொன்று கொடுத்தது. வாடிக்கையாளர்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி தமிழில் உதவிப் பக்கங்கள் எழுத வேண்டும். வீட்டிலிருந்தபடியே, பிரவுசரில், அவர்களுடைய தளத்திலேயே எழுதிச் சேமிக்கலாம். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார்கள். வீட்டு இணையத்துக்குள் திருடர்கள் எப்படி நுழைகிறார்கள், எப்படித் தடுப்பது என்பதுதான் அந்த முதல் பக்கம். உனக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. தமிழை மட்டும் நான் பார்த்துக்கொடுப்பதாக ஏற்பாடு.

எழுதி முடித்துச் சேமி என்ற பொத்தானை அழுத்தினாய். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில், 'சேமிக்க முடியவில்லை, மீண்டும் முயலவும்' என்று வந்தது. மீண்டும் முயன்றாய். மறுநாளும் முயன்றாய். அலுவலகத்தில் கேட்டால் அங்கே எல்லோருக்கும் ஒழுங்காகச் சேமிக்கிறது என்றார்கள். நீ செய்யாத சோதனை இல்லை. உன் கணினியில் சோதனை என்ற ஒரு வார்த்தையை மட்டும் அடித்துச் சேமித்தாய், சேமித்தது. மொட்டைமாடிக்குப் போய் போன் சிக்னலில் அதே வார்த்தையை அடித்தாய், அங்கேயும் சேமித்தது. வீட்டிலும் குறை இல்லை, வெளியிலும் குறை இல்லை. பெட்டி எதையாவது தடுத்ததா என்று பார்க்கலாமென்றால், நீ படுக்கையில் கிடந்த மாதங்களில் இடம் நிறைந்துவிடக் கூடாதென்று அது குறிப்பு எழுதுவதையே நிறுத்தி வைத்திருந்தாய்.

பக்கம் இன்னும் வரவில்லையே, உடம்புக்கு முடியவில்லை என்றால் சொல்லுங்கள் என்று அலுவலகத்திலிருந்து எழுதினார்கள். அன்போடுதான் எழுதினார்கள். அதுதான் உன்னைக் குத்தியது. நான் காபியோடு வந்தபோது போனை என் பக்கம் திருப்பினாய்.

"தொண்டை மட்டும்தான் போச்சுனு நெனச்சேன். தலையும் போயிடுச்சா?"

ஆபரேஷனுக்குப் போகும்போதுகூட உன் முகத்தில் பயத்தைப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். நீ எனக்குச் சொல்வதையே உனக்குத் திருப்பிச் சொன்னேன். "நெனச்சத சொல்லாத. நான் பாத்தத சொல்றேன். சோதனைன்னு அடிச்சா சேமிக்குது. உன் பக்கத்த போட்டா சேமிக்கல. அப்போ அந்தப் பக்கத்துலதான் என்னமோ இருக்கு."

நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். அதற்குப் பிறகு நாம் செய்தது என் தொழில். நீளமான பாடத்தில் எங்கே இடிக்கிறது என்று தெரியாதபோது நான் பாதியாக வெட்டிப் படிப்பேன். அதேபோல உன் பக்கத்தைப் பாதியாக வெட்டினோம். மேல்பாதி சேமித்தது. கீழ்ப்பாதி சேமிக்கவில்லை. அதையும் பாதியாக்கினோம். வெட்டிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே ஒரு வரி நின்றது. திருடர்கள் இப்படித்தான் எழுதி அனுப்புவார்கள், ஏமாறாதீர்கள் என்று நீ உதாரணத்துக்குக் கொடுத்திருந்த கட்டளை வரி.

உனக்குப் புரிந்தது, எனக்குப் புரியவில்லை. அலமாரியின் மேலிருந்த பெட்டியைக் காட்டினாய். மற்றவர் படிக்க முடியாதபடி ரகசியக் குறியீட்டில் பூட்டி அனுப்புவதைக்கூடப் பிரித்துப் படித்துப் பார்க்கும்படி அதற்கு நீதான் சொல்லிவைத்திருந்தாய். திருடனைப் பற்றி நீ எழுதியதைப் படித்த பெட்டி, வீட்டுக்குள்ளேயே திருடன் இருப்பதாக நினைத்துத் தொடர்பை அறுத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் சோதனை என்று யோக்கியமான வார்த்தையை அடித்துப் பார்த்தால் அது ஏன் தடுக்கப்போகிறது?

நீ சிரித்தாய். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் முட்டும் வரை சிரித்தாய். சத்தம் இல்லாததால் முதலில் அழுகிறாய் என்று நினைத்து உன் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு, அந்த ஒரு தளத்துக்குப் போவதை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்று பெட்டிக்குச் சொன்னாய். முழுப் பக்கத்தையும் போட்டு அழுத்தினாய். 'சேமிக்கப்பட்டது.' அடுத்த வாரமே வேலை உறுதியானது. மறுபடி படுக்கையில் விழும் வரை எழுதிக்கொண்டே இருந்தாய்.

இரண்டாவதாக நீ எழுதியது இந்தக் கோளாறைப் பற்றித்தான். அதன் தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாய். 'பக்கம் சேமிக்கப்படவில்லை என்றால் உடனே உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் கோளாறு இருக்கலாம்.'

நீ எழுதிய பக்கங்களைப் புதுப்பித்துத் தரும்படி போன வாரம் உன் அலுவலகத்தில் என்னைக் கேட்டார்கள். பழசாகிப்போன படிகளையெல்லாம் மாற்றிவிட்டேன், நீ இருந்தாலும் மாற்றியிருப்பாய். அந்த வரியை மட்டும் மஞ்சளில் குறித்து, உதவிப் பக்கத்தில் ஆறுதல் எதற்கு, எடுத்துவிடலாமே என்று கேட்டிருந்தார்கள். மற்றவர் எழுத்தை வெட்டுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனாலும் இதை எடுக்க மாட்டேன் என்று எழுதிவிட்டேன். சரி, இருக்கட்டும் என்று பதில் வந்தது. காரணத்தை அவர்கள் கேட்கவில்லை.

உனக்குச் சொல்கிறேன். அண்ணா அத்திபெலேயிலிருந்து அடிக்கடி போன் செய்கிறார். சாப்பிட்டாயா, மழையா என்று கேட்டுவிட்டு எப்போதும் அதே இடத்துக்கு வந்து நிற்பார். "தொண்ட கட்டிக்கிச்சுன்னு சொன்னாளே, அப்பவே கூட்டிம்போயிருந்தா பொழச்சிருப்பா இல்லம்மா? கூடவே இருந்தேனே, எனக்குத் தெரியாம போச்சே." அலுவலகத்துக்கு அந்தப் பதிலை எழுதுவதற்கு முன்பு, போன ஞாயிற்றுக்கிழமையும் கேட்டார். உன் பக்கத்தைத் திறந்து அந்த வரியை மெதுவாகப் படித்துக் காட்டினேன்.

"அவ எழுதினதா?"

"ஆமாண்ணா."

"இன்னொரு வாட்டி படிம்மா" என்றார்.