ஒரு கப் மைதா எத்தனை கிராம்?

மார்ச் 4

என்னங்க,

நான் நலம். நீங்களும் உங்கள் அண்ணன் வீட்டில் நலமாகத்தான் இருப்பீர்கள், அண்ணியின் சமையல் அப்படி. பாசத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். காரியமாகத்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் சண்டை வரும்.

என் கேக்கை வாராவாரம் வாங்கிக்கொள்வதாக ஓட்டல் மேனேஜர் சொல்கிறார். ஆனால், "கப்பு கணக்கெல்லாம் வேணாம்மா, எல்லாத்தையும் கிராம்ல எழுதிக் குடுங்க. அடுத்த வாரம் சனிக்கிழமை ஒண்ணு செஞ்சு காட்டுங்க" என்கிறார். இந்த ஆர்டர் வந்தால்தான் என் கேக் கடையை மூடாமல் இருக்கலாம்.

தட்டில் போட்ட சாதத்தை நீங்கள் எடை போட்டதற்கு நான் நாலு வார்த்தை சொன்னேன். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் துணிமணியை எடுத்துக்கொண்டு போவார்கள், நீங்கள் தராசைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். ஒரு கப் மைதா எத்தனை கிராம், சர்க்கரை எத்தனை? நம் வீட்டு நீலக் கப்புதான்.

இப்போதைக்கு உங்கள் மனைவி

மார்ச் 7

அன்புள்ள மனைவிக்கு,

"கண்ணளவு போதும்" என்று என்னை விரட்டியவள் கிராம் கேட்கிறாய். பரம சந்தோஷம். இத்தனை வருஷம் மருந்துக்கடையில் அளந்தவனிடம் தப்பு வருமா? அந்த நீலக் கப்பின் ஜோடி என்னிடம்தான் இருக்கிறது. நிறைத்து எடை போட்டேன். இருநூற்று நாற்பது கிராம். மைதா, சர்க்கரை எல்லாவற்றுக்கும் அதையே போடு.

நான் கிளம்பும்போது இருந்த சளி விட்டதா? மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு.

உன் கணவன்

மார்ச் 13

மகா மேதாவிக்கு,

நீங்கள் சொன்னபடியே போட்டேன். அது கேக்கா? மேனேஜர் வெட்டப் பார்த்தார், கத்தி வளைந்துவிட்டது. "கதவுக்கு முட்டு குடுக்கலாம்மா" என்றார். மானம் போயிற்று. கெஞ்சிக் கூத்தாடி அடுத்த சனிக்கிழமைக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கியிருக்கிறேன். அதுவும் போனால் கடைக்குப் பூட்டுதான்.

கப்பில் எதை நிறைத்து எடை போட்டீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

சளி இன்னும் விடவில்லை.

அவள்தான்

மார்ச் 15

அன்புள்ளவளே,

தண்ணீர்.

கிழித்துப் போட்டுவிடாதே, மேலே படி. சிரப்பும் டானிக்கும் அளந்த பழக்கம். "ஏன் தம்பி, மாவும் தண்ணியும் ஒரே கனமா?" என்று அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். இன்று மாவையே போட்டுப் பார்த்தேன். உதிர்த்து அள்ளினால் நூற்று இருபத்தைந்து, கப்பைத் தட்டித் தட்டி நிரப்பினால் நூற்றைம்பது. சர்க்கரை மட்டும் எப்படி அள்ளினாலும் இருநூறு பக்கம் வருகிறது.

மைதாவை நீ எப்படி அள்ளுவாய்? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. உன் கை அள்ளுகிற மாவை நான் இங்கிருந்து எடை போட முடியாது. தராசைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீயே போட்டுப் பார். உன் கடையை மூட விடமாட்டேன்.

உன் கணவன்

மார்ச் 22

என்னங்க,

தராசு பத்திரமாக வந்தது. சட்டைக்குள் சுற்றி அனுப்பியிருக்கிறீர்கள், அது உங்களிடம் இருந்த ஒரே நல்ல சட்டை. என் கையால் அள்ளினால் நூற்று முப்பத்தெட்டு. ஒவ்வொரு தடவையும் அதேதான் வந்தது, நீங்களே வந்து சரிபார்த்துக்கொள்ளலாம். சனிக்கிழமையன்று மேனேஜர் இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆர்டர் நமக்குத்தான்!

இனி உங்களிடம் கேட்க அளவு எதுவும் பாக்கி இல்லை. வெண்ணெய் அடித்துக் கை வலிக்கிறது என்று சாக்குச் சொல்லிக் கூப்பிடலாம். அதெல்லாம் வேண்டாம். நீங்கள் இல்லாமல் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. காலையிலேயே கிளம்பி வந்துவிடுங்கள். அண்ணி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தீர்களோ, வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன்.

உங்கள் மனைவி