மூடி பிடிக்கிறவள்

மார்ச் 3, ஞாயிறு

இன்றைக்குப் பதினான்கு தடவை மூடி பிடித்தேன். எண்ணிக்கொண்டே இருந்தேன். வேறு என்ன வேலை எனக்கு அங்கே?

என்னைக் கட்டிக்கொண்ட இந்த மனுஷனிடம் ஐந்து லென்ஸ் இருக்கிறது. கட்டடத்துக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று, தூரத்துப் பறவைக்கு ஒன்று. ஐந்தாவது எதற்கு என்று கேட்டால், "சொன்னா உனக்குப் புரியாது." ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்ட மூன்று கை வேண்டும். அந்த மூன்றாவது கைதான் நான். காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். லென்ஸின் பின்மூடியை உள்பக்கம் விரல் படாமல் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் பேசக் கூடாது. எச்சில் தெறித்துக் கேமராவுக்குள் போய்விடுமாம்.

போட்டோ கிளப் வேனில் இன்று பன்னிரண்டு பேர். பதினோரு பேர் படம் எடுத்தார்கள். பதினோரு வருஷமாக நான் இதே வேனில் போய் வருகிறேன், ஒரு படம்கூட எடுத்ததில்லை. கிளப்பில் புதிதாகச் சேர்ந்த மருந்துக் கடைக்காரர் என்னைப் பார்த்து, "நீங்களும் மெம்பரா மேடம்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டார்: "இவ என் அசிஸ்டெண்ட்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மார்ச் 9, சனி

அவருக்கு ஐம்பது முடிந்தது. நான் கொடுத்த பரிசைப் பிரித்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

ஆல் இன் ஒன் லென்ஸ். பதினெட்டு எம்எம்மிலிருந்து முந்நூறு எம்எம் வரை ஒரே குழாய்க்குள். மொத்தக் கட்டடமும் பிடிக்கலாம், வளையத்தைத் திருப்பினால் அதன் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கும் காக்காயின் கண்ணையும் பிடிக்கலாம். கடைக்காரர், "இதை மாட்டினா அப்புறம் கழட்டவே வேண்டாம் மேடம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வாங்கினேன். அவருக்குப் பரிசு, எனக்கு விடுதலை என்று கணக்குப் போட்டேன்.

"இது டூரிஸ்டுங்க வாங்குறது," என்றார். "எல்லா வேலையும் செய்யும்னு விப்பான், ஒண்ணையும் உருப்படியா செய்யாது." பெட்டியோடு அலமாரி மேல் போட்டுவிட்டார், பழைய இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில்.

மார்ச் 10, ஞாயிறு

வேனில் எல்லோரிடமும் இதை ஒரு ஜோக்காகச் சொன்னார். "இந்த லென்ஸை மாட்டுறவனை நான் போட்டோகிராஃபர்னே ஒத்துக்க மாட்டேன். சம்சாரம் ஆசையா வாங்கிட்டா, என்ன பண்றது?" வேன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஏன் சிரித்தேன்? வீட்டுக்கு வந்து இவ்வளவு நேரமாகியும் அது புரியவில்லை.

மூடி: பதினொன்று.

மார்ச் 15, வெள்ளி

ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்தேன். பீரோவில் தூங்கும் அவருடைய பழைய கேமராவில் மாட்டினேன். கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன்.

"எடுத்துக்கோ. கீழ போட்டுடாத. உனக்குக் கை ஆடும்."

கை ஆடுமாம். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் தினமும் நாற்பது பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள் நான். பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு எடுத்திருக்கிறேன். நரம்பு நழுவி ஓடும் கிழவர்களுக்கு எடுத்திருக்கிறேன். இவருக்கே இரண்டு தடவை எடுத்திருக்கிறேன், அப்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது யாராம்?

மார்ச் 17, ஞாயிறு

என் கழுத்திலும் ஒரு கேமரா. இரண்டாவது தெருமுனைக்குள் மூன்று விஷயம் கண்டுபிடித்தேன். ஒன்று, நடக்கும்போது இந்த லென்ஸின் மூக்கு தானாக நீண்டு தொங்குகிறது. பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டு இருக்கிறது, அதைப் போட்டுவிட வேண்டும். இரண்டு, முந்நூறுக்குப் போனால் வெளிச்சம் போதாது, நிழலில் எடுத்ததெல்லாம் கலங்கிவிட்டது. மூன்று, வெயிலில் நன்றாக வருகிறது. மிக நன்றாக வருகிறது.

ஒரு கையால் அவருடைய மூடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் கேமராவைத் தூக்கி வைத்திருந்தேன். "எதையாவது ஒண்ணை உருப்படியா பிடி," என்றார்.

மார்ச் 24, ஞாயிறு

ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குப் போனோம். பெயின்ட் அடிக்கிறார்கள். கயிற்றில் தொங்கிக்கொண்டு இரண்டு பேர், ஒருவன் மேலே, ஒருவன் கீழே. நல்ல வெயில்.

இவர் பையைத் திறந்து, "மூடியைப் பிடி," என்றார்.

"என் கையில கேமரா இருக்கு," என்றேன்.

கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் இவ்வளவு சின்ன வாக்கியத்துக்கு இவ்வளவு பயந்ததில்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்து லென்ஸை மாற்ற ஆரம்பித்தார்.

நான் முதலில் பதினெட்டில் வைத்து மொத்தத் தொட்டியையும் எடுத்தேன். அப்போதுதான் மேலே இருந்தவன் இடுப்பிலிருந்து தண்ணீர் பாட்டிலை உருவினான். வளையத்தைத் திருப்பினேன், இருநூற்று அறுபது வரை. அவன் பாட்டிலைச் சாய்த்தான். கீழே தொங்கியவன் ஒரு காலைச் சுவரில் ஊன்றி, தலையை அண்ணாந்து, வாயைத் திறந்தான். தண்ணீர் ஒரே கோடாக இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று எடுத்தேன். நோயாளிகளிடம் தினமும் நான் சொல்வதுதான், அசையாதீங்க, ஒரு செகண்ட்.

அவர் நிமிர்ந்தபோது இரண்டு பேரும் பிரஷ்ஷைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

"என்ன எடுத்த?"

"தண்ணி குடிச்சாங்க."

"அதுல என்ன இருக்கு?" என்றார்.

மார்ச் 26, செவ்வாய்

என் கேமராவின் மெமரி கார்டையும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அந்தப் படம் வந்ததும் கை நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தார். "ம்ம்" என்றார். அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அந்த "ம்ம்"-ஐ வைத்துக்கொண்டு இன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 4, வியாழன்

மதியம் சாப்பிடும்போது கிளப் குரூப்பில் செய்தி வந்தது. வருடாந்திரக் கண்காட்சிக்குத் தேர்வான பத்துப் படங்கள். ஏழாவது என் படம். கீழே அவர் பெயர். "தாகம்" என்று தலைப்பு வேறு.

மூன்று முறை படித்தேன். ஏதோ தவறு, கிளப்பில் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொன்னேன். சாப்பாட்டுக்குப் பிறகு வந்த முதல் பெண்ணுக்குக் குத்திய இடத்தில் ரத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை குத்தினேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "அது நான் எடுத்த படம்."

"கேமரா யாருது?" என்றார்.

"உங்களுது."

"கார்டு?"

"உங்களுது. லென்ஸ் நான் வாங்கினது."

"எனக்குப் பொறந்தநாளுக்குக் கொடுத்தது. கொடுத்துட்டா அதுவும் என்னுதுதானே?" டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதை வெட்டி, கலர் சரி பண்ணி, அனுப்பினது யாரு? நீ சும்மா அமுக்கின. நீ மெம்பர்கூட இல்ல, உன் பேர்ல எப்படிப் போடுவாங்க?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறார். முன்பே யோசித்து வைத்திருக்கிறார். தெரியாமல் செய்யவில்லை. நான் வந்து கேட்பேன் என்று தெரிந்தே, பதிலைத் தயார் பண்ணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஏப்ரல் 5, வெள்ளி

குளிக்கும்போது பாட்டுப் பாடினார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

கிளப் செயலாளர் ஒரு பல் டாக்டர், சின்னப் பெண். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் மாட்டும் அட்டையில் என்ன லென்ஸ், எத்தனை எம்எம் என்று போட வேண்டும் என்பது அவள் வைத்த விதி. எடுக்கும்போதே இந்த விவரமெல்லாம் படத்துக்குள் பதிவாகிவிடும். வேனில் எல்லோர் முன்னாலும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "சார், இருநூத்தி அறுபது எம்எம்னு காட்டுது. பதினெட்டு முந்நூறு லென்ஸ். நீங்க கேலி பண்ணுவீங்களே, அதுவா?"

எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். மாட்டிக்கொண்டாரா? அந்த லென்ஸைத் தொட்டேன் என்று சொன்னால் ஒரு மாசமாகப் பேசிய பேச்சு அத்தனையும் போச்சு. தொடவில்லை என்றால் படம் யாருடையது? எந்தப் பக்கம் போனாலும் சுவர். நிச்சயம் உண்மையைத்தான் சொல்வார், தான் பேசிய பேச்சை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க மாட்டார் என்று நினைத்தேன்.

"சும்மா ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்," என்றார். "கைப்பக்குவம் இருந்தா எந்த லென்ஸும் பேசும். ஓரம் வரைக்கும் பாருங்க, கத்தி மாதிரி இருக்கு."

மருந்துக் கடைக்காரர் ஒரு தடவை மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். அவ்வளவுதான், இவர் அந்த லென்ஸைக் கழற்றச் சொல்லி என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். தன் கேமராவில் மாட்டி, நாள் முழுக்க அதன் மகிமையைப் பாடினார். என் கையில் பழைய கேமரா, லென்ஸ் இல்லாமல், வாயைப் பிளந்துகொண்டு.

வேனில் பத்துப் பேர் இருந்தார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் மேலேயே எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 8, திங்கள்

ஹாஸ்டலிலிருந்து மகள் கூப்பிட்டாள். சொன்னேன்.

"ஒரு போட்டோதானம்மா. அப்பா அப்படித்தான்னு தெரியும்ல. விட்டுடேன்."

ஒரு போட்டோதான். என்னிடம் இருப்பதே அந்த ஒன்றுதான். அவருக்கு இருபதாயிரம் இருக்கிறது.

ஏப்ரல் 10, புதன்

அவர் வேலைக்குப் போன பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தேன். இவருடைய வேலை, விபத்தில் நசுங்கிய கார்களை இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் போனில் படம் எடுப்பது. எந்தப் பள்ளம் பழசு, எந்தப் பள்ளம் புதுசு, யார் பொய் சொல்கிறார்கள் என்று ஒரு கீறலை வைத்தே கண்டுபிடிப்பாராம். வீட்டில் பெருமை தாங்காது.

அப்பேர்ப்பட்டவர் என் படங்களில் நல்லதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய படம் அப்படியே இருக்கிறது. பதினெட்டில் எடுத்தது, மொத்தத் தொட்டி. இரண்டு பெயின்டர்களும் எறும்பு அளவில், மேலே இருப்பவன் கை இடுப்பில். நேரம் 7:42:16.

வலது பக்க மூலையில் ஒரு ஆள் குனிந்து நிற்கிறார். ஒரு கையில் லென்ஸ், மறு கையில் இன்னொரு லென்ஸ், கழுத்தில் வாய் திறந்த கேமரா, பல்லில் மூடி.

"தாகம்" எடுத்த நேரம் 7:42:31. பதினைந்து விநாடி.

அவருடைய ஐந்து லென்ஸையும் வைத்துக்கொண்டு இந்த இரண்டு படத்தையும் பதினைந்து விநாடிக்குள் யாராலும் எடுக்க முடியாது. நானே வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இன்னொரு தடவை சிரித்தேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

இரண்டு நாள் யோசித்தேன். அவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசையா? ஆமாம், ஆசைதான். நல்லவள் மாதிரி எழுதுவானேன், இதை யார் படிக்கப் போகிறார்கள். ஆனால் அது மட்டும் இல்லை. அந்தப் படத்துக்குக் கீழே அவர் பெயரைப் பார்த்துக்கொண்டு நான் மறுபடி அந்த வேனில் ஏற முடியாது.

பல் டாக்டருக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். எதுவும் எழுதவில்லை. பத்து நிமிஷத்தில் கூப்பிட்டாள்.

"அக்கா, மூலையில நிக்கிறது சார்தானே?"

"ஆமா."

"அப்ப அந்த இன்னொரு படம்…"

"அதுக்கப்புறம் பதினஞ்சு செகண்ட்."

"நான் என்ன பண்ணணும்கா?"

"அட்டையில பேரை மாத்துங்க. தலைப்பையும் எடுத்துடுங்க. மெம்பரா சேரணும்னா ஃபாரம் அனுப்புங்க, இன்னிக்கே எழுதித் தர்றேன்."

"சார்கிட்ட நான் பேசட்டுமா?"

"வேண்டாம். நான் சொல்லிக்கிறேன்."

ஏப்ரல் 13, சனி

சொன்னேன். அந்தப் படத்தையும் போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார், கீறலைச் சோதிக்கிற மாதிரி.

"என் மானத்தை வாங்கணும்னே காத்துட்டிருந்தியா?"

"உங்க மானம் உங்ககிட்டயேதான் இருக்கு. காணாமப் போனது என் படம்."

"பதினோரு வருஷம் உன்னைக் கூட்டிட்டுப் போனேன் பாரு, என்னைச் சொல்லணும்."

கூட்டிட்டுப் போனாராம். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

ஏப்ரல் 16, செவ்வாய்

வீட்டில் பேச்சு இல்லை. காலையில் பார்த்தால் லென்ஸ் சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தது. பின்பக்கம் திறந்தபடி, ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில். வேண்டுமென்றேதான். துடைத்து எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

நூலக மாடியில் கண்காட்சி. அவர் வர மாட்டார் என்று நினைத்தேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தார்.

ஏழாவது படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அட்டையில் என் பெயர், லென்ஸ், இருநூற்று அறுபது எம்எம். தலைப்பு இல்லை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். மருந்துக் கடைக்காரர் அட்டையைப் படித்தார், இன்னொரு தடவை படித்தார், பிறகு அவர் பக்கம் திரும்பினார். "என்ன சார், இது நீங்க எடுத்தது இல்லையா?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். படத்தின் பக்கமாக முகத்தைக் கொண்டுபோய் ஓரம் ஓரமாகப் பார்த்தார்.

"நான் எடுத்திருந்தா ஓரம் இப்படி மங்கியிருக்காது," என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அவர் அடுத்த படத்துக்கு நகர்ந்த பிறகு நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வலது ஓரம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.