கிளாம்பில் குங்குமம்

புரட்டாசி 7, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். சாமுண்டி மலை தெரியவே இல்லை. மரம் ஈரம் இழுத்துவிடும் என்று, சீவி வைத்த பத்தைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கோமதி விளக்குமாறோடு வந்து ஒரு பார்வை பார்த்தாள். என் மனைவி வாயைத் திறக்காமலே நாலு பக்கம் திட்டுவாள்.

வேலை: தேக்குப் பத்தை ஒன்று, மூங்கில் பத்தை இரண்டு, இழைத்தாயிற்று. தேக்கு நடுவில். மூங்கில் முன்னும் பின்னும். மூன்றையும் பசை போட்டு ஒட்டினால் வில். ஆபீஸில் துரை போட்டுவிட்டுப் போன ஆங்கிலப் பத்திரிகையில் படத்தோடு இருக்கிறது. அவர்கள் சொல்லும் மரம் ஒன்றுகூட மைசூரில் கிடையாது. படத்தில் சிரிக்கிற வெள்ளைக்காரனைப் பார்த்தால் சுலபம் என்றுதான் தோன்றுகிறது.

ரயில்வே குமாஸ்தாவுக்கு இந்த வயதில் வில் எதற்கு? வெளியில் யார் கேட்டாலும் சொல்லமாட்டேன். தனம் கேட்டாள். அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் தங்கவயலிலிருந்து தாலி இல்லாமல் திரும்பி வந்த பெண். மாப்பிள்ளைக்கு டைபாய்டு. இவளுக்குப் பத்தொன்பது வயது. வந்ததிலிருந்து பின்கட்டு அறை, ஜன்னல், வெள்ளைப் புடவை. போட்டால் சாப்பிடுவாள். இது வேண்டும் அது வேண்டாம் என்று ஒரு வார்த்தை கிடையாது. போன வாரம் அந்தப் பத்திரிகையை அலமாரித் தட்டில் விரிக்க எடுத்தவள், படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இதை வீட்டுலயே பண்ண முடியுமாப்பா?"

வந்த நாளிலிருந்து அவள் கேட்ட ஒரே பொருள். முடியும் என்று சொல்லிவிட்டேன். சுத்தியல் பிடித்தால் விரலில் அடித்துக்கொள்கிற ஆள் நான்.

புரட்டாசி 11, வியாழன்

பசை தீய்ந்தது. ஆசாரிகள் வஜ்ஜிரம் என்பார்களே, அது. தோலைக் காய்ச்சி எடுத்த கட்டி. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். நான் நேரே நெருப்பில் வைத்தேன். தெருவே மூக்கைப் பிடித்தது.

கோமதி: "என்ன கருமங்க இது?"

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"மாட்டுத்தோலா? சைவ வீட்டுலயா? என் சமையல்கட்டு வாசப்படி தாண்டக் கூடாது, சொல்லிட்டேன்."

கொல்லையில் மூன்று கல் கூட்டி அடுப்பு. மழை வேறு. ஒரு கையில் குடை, ஒரு கையில் கிளறுகிற குச்சி. ஜன்னலில் தனம். சிரித்தாளா தெரியவில்லை. புடவைத் தலைப்பு வாயில் இருந்தது.

புரட்டாசி 14, ஞாயிறு

முதல் வில் போயிற்று. நாண் பூட்டக்கூட இல்லை, லேசாக வளைத்தேன், மூன்று பத்தையும் தனித்தனியாகக் கழன்று கையில் நின்றன. தேக்கு எண்ணெய் மரம், பசை பிடிக்காது. இழைத்தபோதே கை பிசுபிசு என்றது. கைக்குத் தெரிந்தது மண்டைக்கு எட்டவில்லை. மூங்கிலும் பச்சை.

தவறுகள் இதுவரை: மரம். மூங்கில். பசை. அவசரம். மிச்சம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

தனம் துண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தாள். "போகட்டும்ப்பா." அந்தப் போகட்டும்தான் எனக்குப் பயம். எல்லாவற்றுக்கும் அதையே சொல்கிறாள்.

"விஜயதசமிக்குள்ள இன்னொண்ணு ஒட்டிடறேன்" என்றேன்.

புரட்டாசி 17, புதன்

கொலு வைத்தாயிற்று. மழை விட்டது. அரண்மனை விளக்கு பார்க்க ஊரே திரள்கிறது, ஜட்கா கிடைக்கவில்லை, நடந்தே வீடு வந்தேன். ஆபீஸில் பைல் இரண்டு காணோம். நான்தான் எங்கேயோ வைத்திருப்பேன்.

சுமங்கலிகள் தாம்பூலம் வாங்க வரும் நேரம் தனம் தானாகவே பின்கட்டுக்குப் போய்விடுகிறாள். யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் போவதுதான் நெஞ்சை அறுக்கிறது.

இந்தத் தடவை நடுவில் தடசு மரம். நன்றாக வளைகிறது. மூங்கில் நன்றாகக் காய்ந்தது. இரண்டுமே இரண்டு வில்லுக்குப் போதும். கண்ணாடிச் சில்லால் சுரண்டுகிறேன். தனம் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ஒன்றைச் சுரண்டினாள். என்னுடையதைவிட நேராக வந்தது. அதைச் சொன்னேன். "உங்களுது கோணல்ப்பா, அதான்" என்றாள். கேலி. கேலி செய்தாள். கோமதியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

புரட்டாசி 24, புதன்

ஒட்டியாயிற்று. பலகையில் வில் வளைவு செதுக்கி, அதன்மேல் பத்தைகளை அழுத்தி, இறுக்கிப் பிடிக்க வரிசையாக இரும்புக் கிளாம்ப். திருகு முறுக்க முறுக்கப் பசை பிதுங்கி வழிந்தது. நல்ல அறிகுறி என்கிறது பத்திரிகை. மூன்று நாள் கழற்றக் கூடாது.

கிளாம்புகள் மூன்றாம் வீட்டு ஆசாரியிடம் இரவல். அவர் பண்டிகைக்கு நரசிபுரம் போகிறார். "தீபாவளி வரைக்கும் வச்சுக்குங்க சார். ஆனா ஆயுத பூசைக்கு உங்க வீட்டுலயே பூசை போட்டுடுங்க, விட்டுடாதீங்க" என்றார். கோமதியிடமும் சொல்லிவிட்டேன்.

புரட்டாசி 25, வியாழன். ஆயுத பூசை

காலையிலேயே ஆபீஸ். டைப்ரைட்டருக்கு மாலை, அலமாரிக்குச் சந்தனம், பொரிகடலை. இஞ்சின் ஒன்றுக்கு வாழைமரம் கட்டியிருந்தார்கள். மத்தியானம் வீடு. அரிவாள்மணை, கத்திரி, என் பேனா, உளி, இழைப்புளி எல்லாம் சாமி முன்னால். தாழ்வாரத்தில் வில்லைப் போய்ப் பார்த்தேன். கிளாம்பு ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். ஒன்றையும் விடவில்லை கோமதி. சிரித்துக்கொண்டேன். சுண்டலில் உப்பு தூக்கல்.

புரட்டாசி 26, வெள்ளி

ஜம்பூ சவாரி, தசரா யானை ஊர்வலம். கூட்டத்தில் செருப்பு ஒன்று போயிற்று. கோமதி வந்தாள். தனம் வரவில்லை, "வில்லுக்குக் காவல்" என்றாள். திரும்பி வந்தபோது உண்மையிலேயே அதன் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

புரட்டாசி 28, ஞாயிறு

கிளாம்பு கழற்றினேன். ஒரே மரம் போல இருக்கிறது. தட்டினால் கணீர். தனம் கையில் வாங்கிக்கொண்டு தரவே இல்லை.

ஐப்பசி 3, வெள்ளி

சுரண்டல், வளைத்துப் பார்த்தல், மறுபடி சுரண்டல். மேல் கோடி கொஞ்சம் முரண்டு. கொஞ்சமாக நாண் இழுத்தபோது எங்கேயோ 'டிக்' என்று ஒரு சத்தம். மூங்கில் பழகுகிறது என்று நினைக்கிறேன். ஞாயிறு அன்று தனம் இழுக்கட்டும். அம்பு இரண்டு தயார். வைக்கோல் மூட்டை கட்டிக் கொல்லைச் சுவரில் சாத்தியாயிற்று.

ஐப்பசி 5, ஞாயிறு

முறிந்தது. அவள் கையில். முழுசாக இழுத்தாள், அழகாக நின்றாள், முகத்தில் என்ன ஒரு வெளிச்சம். அப்புறம் ஒரு சத்தம். மேல் கோடி பிளந்து திரும்பி அவள் முகத்தில். ரத்தம். கண் தப்பியது, முருகா. புருவத்துக்கு மேல் கிழிசல். டாக்டர் தையல் போட்டார். அவள் அழவில்லை. நான்தான்.

ஐப்பசி 6, திங்கள்

லீவு. எதிர்வீட்டு நஞ்சம்மா நலம் கேட்க வந்தவள், கூடத்தில் கோமதியிடம்: "பாவம், அவ தலையெழுத்து. அந்தக் கை பட்டா எது நிக்கும் சொல்லுங்க? நல்ல நாள் எல்லாம் பாத்து ஆரம்பிச்சு என்ன பண்றது."

குரலைத் தணித்துத்தான் சொன்னாள். பின்கட்டுக்கு நன்றாகக் கேட்கும் அளவுக்குத் தணித்தாள். கோமதி பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாததை நான் கவனித்தேன்.

பால் கொண்டுபோனேன். தனம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"எனக்கு எதுக்குப்பா அது? நான் தொட்டது எது விளங்குச்சு? உங்க கையில நல்லாத்தானே இருந்துச்சு."

பைத்தியம் மாதிரிப் பேசாதே என்றேன். அதட்டிவிட்டேன். அதட்டலாமா? வெளியே வந்து வெகுநேரம் கிணற்றடியில் நின்றேன்.

ஐப்பசி 9, வியாழன்

தனம் நேற்றும் இன்றும் அறையை விட்டு வரவில்லை. எதையும் தொடமாட்டேன் என்கிறாள். தண்ணீர்ச் செம்பைக்கூட அம்மாதான் எடுத்து ஊற்ற வேண்டியிருக்கிறது.

சும்மா இருக்க முடியாமல் ஆசாரியின் கிளாம்புகளைத் துடைத்து எண்ணெய் போட உட்கார்ந்தேன். திருகின் நுனியில், வில்லை அழுத்துகிற வட்டத் தகட்டில், உட்பக்கம், குங்குமம். அடுத்ததிலும். எல்லாவற்றிலும். பூட்டியிருக்கும்போது அந்த இடத்தில் ஒரு விரலும் நுழையாது.

முறிந்த துண்டுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். மேல் கோடியில் பசை கண்ணாடி போலப் பளபளக்கிறது. எதிலும் ஒட்டவே இல்லை. பாதி உறைந்த பசை, இடையில் வில் நிமிர்ந்து பிளந்திருக்கிறது, மறுபடி அழுத்தியிருக்கிறார்கள், அழுத்தியும் பிடிக்கவில்லை. வெளியில் மூடிக்கொண்டு உள்ளே இரண்டாக இருந்திருக்கிறது.

பூசைக்குக் கழற்றியிருக்கிறாள். கோமதி.

தனத்தின் கை இல்லை. அவளுடைய கையே இல்லை. முதலில் சந்தோஷம் வந்தது. அப்புறம் யோசனை. பெண்ணிடம் சொன்னால் பெண் பிழைப்பாள். தாய்? பூசை போடு என்று சொன்னது யார்? நான். கழற்றாதே என்று சொல்லாதது? அதுவும் நான்.

ஐப்பசி 10, வெள்ளி

கோமதியிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, படபடவென்று பேசினாள்.

"இரவல் ஆயுதங்க. பூசை விட்டா அந்தக் குடும்பத்துக்கு ஆகாதுன்னு எடுத்து வச்சேன். கற்பூரம் காட்டினதும் திரும்பப் போட்டுட்டேனே. இருந்த மாதிரியேதான் முறுக்கினேன்."

துண்டைக் காட்டினேன். பளபளப்பை விரலால் தடவினாள். ரொம்ப நேரம் தடவினாள்.

"அப்ப அவ கை இல்லியா?"

"இல்ல."

கீரைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டே அழுதாள். "நானும் அப்படித்தாங்க நெனச்சேன். அந்த நஞ்சம்மா சொன்னப்ப வாயடைச்சு நின்னேனே, எதுக்கு? பெத்தவ நானே நெனச்சுட்டேன்." அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு: "சொல்லிடுங்க. என்னாலதான்னு சொல்லுங்க. எனக்கென்ன, நான் தாங்கிக்கறேன்."

இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம். இவளை இன்றைக்குத்தான் பார்த்தது போல இருந்தது.

ஐப்பசி 11, சனி

தனத்திடம் எல்லாம் காட்டினேன். கிளாம்பு, குங்குமம், பசை. ஆபீஸில் கணக்கு விளக்குவது போல விளக்கினேன். கோமதி நிலைப்படியில் நின்றாள். தனம் பொறுமையாகக் கேட்டாள். துண்டை வாங்கிப் பார்த்தாள். தையல் போட்ட புருவம் இன்னும் வீக்கம். முகம் கொஞ்சம் தெளிகிறது என்று நினைத்தேன்.

அப்புறம் சொன்னாள். "அன்னிக்கு அம்மாவால தனியா கழட்ட முடியலப்பா. வில்லு துள்ளுச்சு. என்னைக் கூப்பிட்டு இந்தக் கோடியைப் பிடிச்சுக்கச் சொன்னாங்க."

எந்தக் கோடி என்று நான் கேட்கவில்லை. அவளே துண்டைத் திருப்பிக் காட்டினாள். முறிந்த கோடி.

"அப்பவும் என் கைதானேப்பா."

கோபமில்லை. அழுகையில்லை. கூட்டல் சரியாக வந்துவிட்டது என்பது போலச் சொன்னாள். துண்டை என்னிடம் கொடுத்துவிட்டுத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். கதவைச் சாத்தினாள்.

துண்டோடு திரும்பினேன். நிலைப்படியில் கோமதி இல்லை.

ஐப்பசி 12, ஞாயிறு

பளிச்சென்று வெயில். எழுந்ததும் அந்த நாற்றம். கொல்லைக்கு ஓடினேன், மூன்று கல்லும் காலியாகக் கிடந்தன. சமையல்கட்டில் புகை. கோமதி குளித்து, விபூதி இட்டு, தன் அடுப்பின் முன்னால். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பால் காய்ச்சுகிற பாத்திரம். அதில் வஜ்ஜிரம். முகத்தைச் சுளிக்காமல் கிளறிக்கொண்டிருக்கிறாள்.

"கோமதி, இது உன் அடுப்பு."

"தெரியும். மிச்ச மரமும் மூங்கிலும் இருக்குல்ல? எடுத்துட்டு வாங்க."

வளைவுப் பலகையைத் தாழ்வாரத்தில் போட்டோம். கிளாம்புகளைத் துடைத்து அடுக்கினேன். பிறகு அவள் பின்கட்டுக் கதவுக்கு எதிரே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தெருவுக்கே கேட்கிற குரல்.

"தனம், வெளிய வா. ஒரு கோடியை நீ பிடி. உங்கப்பா கோணலா வைப்பாரு, நான் முறுக்கறேன். உன் கை இல்லாம இதை ஒட்டமாட்டேன்."

உள்ளே சத்தமில்லை. நஞ்சம்மா வீட்டு ஜன்னல் திறந்தது, கோமதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்தப் பசை சூடாக இருக்கும்போதே ஒட்ட வேண்டும். ஆறி ஆடை கட்டியது. எழுந்துபோய் மறுபடி அடுப்பில் வைத்துக் கொண்டுவந்து உட்கார்ந்தாள். மறுபடி ஆறியது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மறுபடி அடுப்பில் ஏற்றுகிறாள்.