எட்டா, பதினாறா

ஜூலை 8, திங்கள்

கம்ப்யூட்டர் இன்று காலை பத்தரைக்கு உயிரை விட்டது. திரை நீலமாகி, கறுப்பாகி, கடைசியில் ஒரு கருகல் வாடை. சங்கு குளிப்பவர்கள் சங்கத்துக்காக, அவர்களில் ஒருவரான பாஸ்கலை வைத்து எடுத்த படத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் கிளைட்டன் ஓடி வந்தான். "ஏளா பிலோமி, என்ன பண்ணித் தொலைச்ச?"

நேற்று முழுக்க அதில் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தவன் கேட்கிறான்!

28-ஆம் தேதி சங்கத்து ஆண்டு விழா. படம் ஓடியாக வேண்டும். வீடியோ நான், பாட்டு அவன். இதுவரை எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்ததெல்லாம் கல்யாணமும் சர்ச்சில் பிள்ளைகளின் புதுநன்மை விழாவும்தான். சொந்தமாக ஒரு படம் என்றால் இதுதான் முதல்.

இன்னொன்று. கப்பல் வேலைக்கு வருகிறானா என்று மாதக் கடைசிக்குள் பதில் சொல்லும்படி ஏஜென்ட் அண்ணனிடம் கேட்டிருக்கிறார். படம் எடுபடவில்லையென்றால் ஏறிவிடுவான். ஒன்பது மாதம் கடல். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. மற்ற எல்லாவற்றையும் பற்றிச் சண்டை போடுகிறோம்.

ஜூலை 9, செவ்வாய்

ராஜதுரை அண்ணாச்சி கடைக்குப் போனோம். எங்கள் வசதிக்கு இரண்டு பிராசஸர்கள் தேறின. ஒன்றில் எட்டுக் கோர், இன்னொன்றில் பதினாறு.

"கோர்னா உள்ள இருக்க வேலையாளுன்னு வச்சிக்கோங்க. இதுல எட்டே பேரு. ஆனா ஒவ்வொருத்தனும் பறப்பான். அதுல பதினாறு பேரு, கொஞ்சம் நிதானம். பாட்டு ரெக்கார்டிங்குக்கு வேகக்காரன் வேணும். வீடியோவை மொத்தமா ஏத்தி இறக்க ஆளு நெறைய வேணும்."

"அப்ப எட்டு" என்றான் அண்ணன். "அப்ப பதினாறு" என்றேன் நான். ஒரே நேரத்தில்.

ஜூலை 11, வியாழன்

எட்டு. பதினாறு. எட்டு. பதினாறு. பக்கத்து வீட்டில் வாய்ப்பாடு படிக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

ஜூலை 12, வெள்ளி

அண்ணாச்சியிடம் இரண்டு பிராசஸரிலும் ஒவ்வொரு கம்ப்யூட்டர் தயாராக இருக்கிறது. பெட்டி ஒரே மாதிரி. மேலே சீட்டு ஒட்டியிருக்கிறார்: 8, 16. நாளை இரண்டிலும் வேலை செய்து பார்த்துவிட்டு ஒன்றை வாங்குவதாக முடிவு.

காலையில் தனியாகப் போய், "அண்ணாச்சி, சீட்டை மாத்தி ஒட்டிருங்க" என்றேன்.

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அண்ணன் 8 என்ற சீட்டைப் பார்த்து ஆசையாக உட்காருவான். உள்ளே இருப்பது என் பதினாறு. "ஆஹா" என்பான். நானும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பேன். அவ்வளவுதான்.

அண்ணாச்சி தலையை ஆட்டினார். ஏன் உதட்டைக் கடித்துக்கொண்டார்?

ஜூலை 13, சனி

என்ன நடந்தது என்று இன்னும் புரியவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

இரண்டிலும் அவன் பாட்டை ஓட்டினான், நான் வீடியோவை ஓட்டினேன். சின்னத் துண்டுகள்தான், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முடிந்ததும் நான் முந்திக்கொண்டு, "அண்ணே, ஒன் எட்டே இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அவன், "சீச்சீ, நீதான் பாவம். பதினாறையே எடுப்போம்" என்றான்!

"இல்லண்ணே, எட்டு."

"பதினாறுதாம்ளா. தங்கச்சிக்கு இதுகூடச் செய்யலன்னா நான் என்ன அண்ணன்?"

ஐந்து நாள் முறைத்துக்கொண்டவர்கள் நடுக்கடையில் நின்று தியாகம் செய்தோம். அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தார். கடைசியில் அண்ணன் என்ற முறையில் அவனே வென்று, 16 சீட்டு ஒட்டியதைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே எட்டுதான் என்று வழியெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல்.

வீட்டில் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். பதினாறு!

பின்னால் நின்று எட்டிப் பார்த்த அண்ணன் முகம் தொங்கிப் போயிற்று. அவன் கேட்டது பதினாறு, கிடைத்ததும் பதினாறு. பிறகு எதற்கு இந்த முகம்?

ஜூலை 14, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் அண்ணாச்சிக்கு போன் போட்டேன்.

"ஒன் அண்ணன் கடை தொறந்ததும் வந்து மாத்தச் சொன்னான், மாத்துனேன். அவன் போனதும் நீ வந்து மாத்தச் சொன்ன, மாத்துனேன். நான் ரெண்டு பேரு பேச்சையும் தட்டல" என்றார்.

கள்ளன்! அவன் பெருந்தன்மையும் என் பெருந்தன்மை மாதிரிதான். சொல்லிக்காட்டலாம் என்றால் என் குட்டும் உடைந்துவிடும். வாயை மூடிக்கொண்டு வீடியோ வெட்டுகிறேன். பறக்கிறது.

ஜூலை 17, புதன்

அண்ணன் பாடும்போது அவன் குரல் ஹெட்போனில் அரை நொடி பிந்தி வருகிறது. நடுநடுவே பாட்டு விக்குகிறது. பதினோரு தடவை பாடினான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? திடீரென்று, "நான் கப்பலுக்கே போயிரலாம் போல" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

சீட்டை மாற்றச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். அவன் என்னையே பார்த்தான். "நீயுமாளா?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

"அண்ணாச்சிகிட்ட குடுத்துட்டு எட்டை வாங்கிருவோம்ணே. நெசமாத்தான் சொல்லுதேன்."

"வேண்டாம். பாஸ்கலைக் கடலுக்கடியில எடுத்ததெல்லாம் பெரிய பெரிய ஃபைலு. எட்டுல ஓட்டுனா நாள் போதாது. இதுலயே பாப்போம்."

ஜூலை 18, வியாழன்

வழி கிடைத்தது. டிரம்ஸ் மாதிரி பதிந்து முடிந்த டிராக்குகளை எல்லாம் ஃப்ரீஸ் செய்து வைத்தால், பிராசஸர் அவற்றை மறுபடி மறுபடி கணக்கிட வேண்டியதில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் செட்டிங்கையும் அணைத்தோம். பன்னிரண்டாவது தடவை அண்ணன் பாடியபோது குரல் சரியாக வந்தது. பாட்டும் நன்றாக இருந்தது. அவனிடம் சொல்லவில்லை. தலைகால் புரியாது.

ஜூலை 24, புதன்

பாஸ்கல் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் டிரம்ஸை எடுத்துவிடு என்று கெஞ்சினேன். அண்ணன் டிரம்ஸை மட்டுமல்ல, எல்லாவற்றையும் எடுத்துவிட்டான். ஒரு சத்தமும் இல்லை. நாற்பது நொடி.

ஜூலை 28, ஞாயிறு

சங்கத்து ஹால் நிறைய ஆட்கள். குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன, கல்யாண வீட்டு இரைச்சல். அந்த இடம் வந்தது. பாட்டு நின்றது. திரையில் பாஸ்கல் மட்டும் கீழே, கீழே.

ஹால் அப்படியே அடங்கிவிட்டது. மூச்சை யாரும் விடவில்லை. பாஸ்கல் மேலே வந்து தலையை நீட்டியதும் மொத்த ஹாலும் புஸ்ஸென்று மூச்சு விட்டது. முன்வரிசையில் இருந்த பாஸ்கலும்தான்! பிறகு ஒரே சிரிப்பு, கைதட்டல்.

அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூலை 31, புதன்

இரண்டு நாளாக அண்ணன் எனக்கு டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கிறான். இன்று நடுவில் ஏஜென்டிடமிருந்து போன். எழுந்து வெளியே போகாமல் என் பக்கத்திலேயே இருந்து பேசினான்.

"இல்ல சார், இப்ப வர முடியாது. என் தங்கச்சிக்குத் தாளமே நிக்க மாட்டேங்கு. இவளை இப்படியே விட்டுட்டு எங்கன வர?"

எனக்குத் தாளம் நன்றாகவே நிற்கும். போனை வைத்ததும் வேண்டுமென்றே இரண்டு இடத்தில் தப்பவிட்டேன்.